பரணில் போட்ட குதிரை

தட்டில் மிச்சம் வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வயிறு ஒரு சாண், போட்டுக்கொள்வது ஒரு முழம் என்றால் அதற்குப் பெயர் பசி இல்லை. நான் வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்வேன், போட்டுக்கொண்டதைத் துடைத்துச் சாப்பிடுவேன். நேற்று இங்கே கொடுத்ததையும் அப்படித்தான் சாப்பிட்டேன். வெறும் தட்டை எடுக்க வந்த உங்கள் காவலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்த நிலைமையிலும் இவனுக்குத் தொண்டையில் இறங்குகிறதே என்று நினைத்திருப்பார். சாப்பாட்டின்மேல் எனக்கு என்ன கோபம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். வளவளவென்று இழுக்க மாட்டேன், சுருக்குவதுதான் என் தொழில். நான் வேலை பார்க்கும் நிறுவனம் சரக்குக் கிடங்குகளுக்குக் கணினி நிரல் எழுதும் இடம். பார்த்த நிறுவனம் என்று திருத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஊதிப் பெருக்கி வைத்த நிரல்களை என்னிடம் தருவார்கள். வேண்டாததை வெட்டிப் பாதியாக்கி, ஓட வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். அங்கே எனக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

வீடு மாடியில். கீழே தெருவைப் பார்த்த அறை, என் மாமனார் இருந்தவரை தையல்கடை. அவர் துணி வெட்டிய நீள மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. முன்னால் இரும்பு ஷட்டர், பின்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பரண், அதில் அவர் விட்டுப்போன துணி மூட்டைகள். பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே இரும்பை அறுக்கும்போது எங்கள் மேசையில் இருக்கும் தம்ளரில் தண்ணீர் நடுங்கும், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது.

அந்த மேசையில் நாங்கள் மூன்று பேர். நான் நிரல் எழுதுவேன். என் மனைவி படம் வரைவாள். அவள் தம்பி, அதாவது என் மச்சினன், கனவு காண்பான், நடுநடுவே கொஞ்சம் நிரலும் எழுதுவான். அவனுக்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தது நான்தான். அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு ராஜ்யம் ராஜ்யமாகப் பேசுகிறவனை வேறென்ன சொல்வது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சக்கரவர்த்திக்கு ஒரு டீ" என்று அவனே சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பான்.

வருடா வருடம் கணினி விளையாட்டு செய்கிறவர்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது. கொடுத்த காலத்துக்குள் ஒரு விளையாட்டைச் செய்து அனுப்ப வேண்டும். நடுவர்கள் வேண்டுமென்றே ஒரு பழைய கணினியை வைத்திருக்கிறார்கள். அதில் ஓடினால்தான் விளையாட்டு, திணறி நின்றால் அடுத்ததை எடுத்துவிடுவார்கள். குழுவில் மூன்று பேராவது இருக்க வேண்டும். மூன்று முறை தோற்ற குழுவை அதற்கப்புறம் சேர்த்துக்கொள்வதில்லை. இந்த இரண்டு விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சினனின் யோசனை இது. ஒரு பெரிய ஆறு. இரண்டு கரையிலும் ஊர். ஊரில் ஆயிரம் பேர், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு சண்டை. காலையில் எழுந்து கடை திறப்பார்கள், காதலிப்பார்கள், பொய் சொல்வார்கள், கல்யாணம் செய்வார்கள், செத்தும் போவார்கள். மழை பெய்து ஆறு பெருகும். விளையாடுகிறவன் ஓடக்காரன். வெள்ளம் வருமுன் ஊரை அக்கரை சேர்க்க வேண்டும். குருவி தலையில் பனங்காய் வைக்கிறாயே என்று கேட்டேன்.

"குருவி பெருசாயிடும் மாமா" என்றான்.

முதல் வருடம் நாங்கள் முடிக்கவே இல்லை, அதுவும் தோல்விக் கணக்கில் சேர்ந்தது. இரண்டாம் வருடம் எப்படியோ முடித்து எடுத்துப் போனோம். நடுவர் ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்க விட்டிருந்தார். சந்தை திறக்கிற இடத்தில் திரை அப்படியே உறைந்துவிட்டது. அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "ஆசை பெருசுதான், பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' என்ற சொல் என் காதில் ஒரு வருடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் மச்சினன் அதற்குள் பக்கத்து மேசைக்காரர்களின் விளையாட்டை வேடிக்கை பார்க்கப் போய்விட்டிருந்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எனக்கென்று எதையும் முடித்தவன் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டேன். கற்றுக்கொண்ட நீச்சல் பாதி. அலுவலகத்தில் நான் முடித்துக் கொடுப்பதெல்லாம் அடுத்தவன் தொடங்கியது. இந்த மூன்றாம் முறையும் போனால் கதவு சாத்திவிடுவார்கள், அப்புறம் நான் சாகும்வரை அடுத்தவர் துணியை வெட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு இது வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை, என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதனால் இந்த முறை தொடக்கத்திலேயே வெட்ட உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை விடுமுறை, பேசுவது நன்றாகக் கேட்டது.

"ஆயிரம் பேர் வேண்டாம்" என்றேன்.

"ஐந்நூறு?"

"பத்து."

"ஒரு நூறாவது வைங்க மாமா. பத்துப் பேர் இருந்தா அது ஊரா, பஸ் ஸ்டாப்பா?"

"பத்து. சந்தை வேண்டாம். கல்யாணம் வேண்டாம். மழையும் வேண்டாம்."

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துக்கு நான் வரல" என்றாள் என் மனைவி. "ஆயிரம் மூஞ்சி வரையறதுக்கு எனக்கு என்ன ஆயிரம் கையா இருக்கு?"

மதியத்துக்குள் ஊர் போய்விட்டது. ஓர் ஓடம், ஓர் ஓடக்காரன், கரையில் நிற்கும் பத்துப் பேர், அவ்வளவுதான் மிஞ்சியது. பாரம் கூடினால் ஓடம் முழுகும். யாரை ஏற்றுவது, யாரைக் கரையிலேயே விடுவது, நட்டாற்றில் தாங்காவிட்டால் யாரைத் தள்ளுவது. பார்த்தீர்களா, சின்னது, சுத்தமானது. ஓடக்காரனுக்கு என் மனைவி என் முகத்தை வரைந்திருந்தாள். விளையாட்டுக்குத்தான் வரைந்தாள், ஆனால் அது அப்படியே தங்கிவிட்டது.

சக்கரவர்த்தி ஒன்றை மட்டும் விட மறுத்தான். குதிரை. யாராவது ஆற்றில் விழுந்தால் கரையிலிருந்து ஒரு குதிரை நீந்தி வரும், அவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். சாம்பல் நிறக் குதிரை, நெற்றியில் வெள்ளை. அது நீந்த வேண்டுமென்றால் அலை அசைய வேண்டும். அலை அசைந்தால் நடுவர்களின் பழைய கணினி திணறும்.

"குதிரை மட்டும் இருக்கட்டும் மாமா. விழுறவனுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல? இல்லாட்டி இது கேமே இல்ல, கொலை."

"விரலுக்கேத்த வீக்கம் போதும் மாப்ள" என்றேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றான். குதிரையை எடுத்துப் பரணில் போட்டேன்.

இதை விளக்க வேண்டும். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. வெட்டியதை அழிக்க மாட்டேன், எடுத்து வைப்பேன். அதற்கென்று கணினியில் ஒரு ஃபோல்டர், அதற்குப் பரண் என்று பெயர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளையாட்டின் துண்டுகள் தனித்தனியாக இருக்கும், ஆள் ஒரு துண்டு, ஓடம் ஒரு துண்டு. அவற்றைச் சேர்த்துத் தைத்து ஓடுகிற விளையாட்டாக்க, முதல் வருடமே நான் ஒரு சிறிய நிரல் எழுதி வைத்திருந்தேன். மாலையில் அதை ஓட விட்டுவிட்டு நடக்கப் போவேன். திரும்பி வரும்போது விளையாட்டு தயாராக இருக்கும். அதை நான் எழுதிய பிறகு திறந்து பார்த்ததே இல்லை, ஒழுங்காக ஓடுகிற ஒன்றை எதற்குத் திறப்பது.

அன்று மாலை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒருவனை ஆற்றில் தள்ளிப் பார்த்தேன். குதிரை வந்தது. திரை திணறி நின்றது.

"குதிரைய யாரு மறுபடி சேர்த்தது மாப்ள?" என்று கேட்டேன்.

"நான் சேர்க்கலையே."

"அப்ப யாரு?"

"தானா வந்திருக்கும் மாமா. அதுக்கு நம்மளப் புடிச்சிப்போச்சு."

அவன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். குதிரையை மறுபடி எடுத்துப் பரணில் போட்டேன். மறுநாள் மாலையும் அது ஆற்றில் இருந்தது. அதற்கு மறுநாளும். கேட்கும்போதெல்லாம் அவன் கண்ணை அகல விரித்துச் சத்தியம் செய்தான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஒரு நிரலில் பிழை இருந்தால் அதன்மேல் கோபப்படுவதில் என்ன பயன். பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். பிழை அவன் கையிலிருந்து வந்தது.

எங்கள் ஷட்டருக்கு ஒரு பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. தூக்கினால் மேலே நிற்காது, சடாரென்று இறங்கிவிடும். அதனால் தூக்கியதும் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்போம். ஒருநாள் காலை அவன் வாசல்படியில் குந்திக்கொண்டு ஷட்டரின் கீழ்த் தண்டவாளத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஷட்டர் இறங்கும் அந்த இரும்புப் பள்ளத்தில், வலது கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கட்டையைக் காலால் நகர்த்தினேன். பட்டறையில் அறுத்துக்கொண்டிருந்தார்கள், அவன் கத்தியது கேட்கவில்லை, வாய் திறந்திருந்தது தெரிந்தது. நான்கு விரல்களும் உள்ளங்கைப் பக்கம் மடங்காமல் வேறு பக்கம் திரும்பியிருந்தன. ஷட்டரைத் தூக்கிப் பிடித்து அவன் கையை எடுத்தவனும் நான்தான்.

மருத்துவமனைக்குப் போகும்போது வண்டியில் அவன் தலை என் தோளில் இருந்தது. "நான்தான் பாத்து வச்சிருக்கணும் மாமா" என்று முனகிக்கொண்டே வந்தான். கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன். என் பேர எடுத்துடுங்க மாமா. வேற யாரையாவது சேர்த்து முடிங்க. உங்களுக்கு இது எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியாதா?"

"உன் பேர நான் எடுக்க மாட்டேன்டா" என்றேன். மனதாரச் சொன்னேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்ப குதிரையாவது வேண்டாம்" என்றான் அவன். "நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு எல்லாம் அதிக ஆசை."

அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது. வீட்டுக்கு வந்து அன்று மாலை நிரலை ஓட விட்டேன், நிம்மதியாக நடந்தேன், திரும்பி வந்து ஒருவனைத் தள்ளினேன். கரையிலிருந்து குதிரை இறங்கியது.

அவன் மருத்துவமனையில் இருந்தானே, எப்படிச் சேர்த்திருப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். அவனிடம் கைப்பேசி இருந்தது, இடது கை இருந்தது, எங்கள் கணினிக்குள் வெளியிலிருந்து வரும் வழியும் தெரியும். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். வாயால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையால் சேர்க்கிறான். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவனோடு வேலை செய்யக் கூடாது என்று எனக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது. ஆனால் அவன் பெயரை எடுத்தால் குழுவில் இருவர்தான் இருப்போம், விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம். என் மனைவி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் மேசையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஸ்பிரிங் தளருமுன் ஷட்டரைக் கீழே இழுக்க வைத்திருந்த கம்பி ஒன்று உண்டு, முனையில் கொக்கி, நல்ல கனம். நான் அதை எடுத்தேன். ஷட்டர் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

"மாமா, அலையைக் குறைச்சிட்டேன். இனி எந்த கம்ப்யூட்டர்லயும் சிக்காது" என்றான் திரும்பாமலே.

அலையைக் குறைப்பது எதற்கு. குதிரைக்கு வழி செய்யத்தானே. பட்டறையில் அறுக்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். முதல் அடி சரியாக விழவில்லை, காதோரம் பட்டு வழுக்கியது. அவன் காதைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "பாத்து மாமா" என்றான். தெரியாமல் பட்டுவிட்டதாக நினைத்தான். அந்த அளவுக்கு என்னை நம்பினான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது அடியில் நாற்காலியோடு சாய்ந்தான். கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கினான், அதன்மேலும் அடித்தேன். அப்புறம் நான் எண்ணவில்லை. பட்டறையில் சத்தம் நின்றபோது நானும் நிறுத்தினேன். அவன் முகம் யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது.

சுத்தம் செய்வதில் நான் பழகியவன். மாமனாரின் லைனிங் துணி ஒரு மூட்டை முழுதாக இருந்தது, அது நன்றாக உறிஞ்சும். அவனை அதில் சுற்றி, மேலே பாலித்தீன் சுற்றி, ஒட்டி, கயிறு கட்டினேன். ஒல்லிப்பிச்சான் என்று அவனைக் கேலி செய்திருக்கிறேன், ஆனாலும் ஏணியில் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பரணில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். வெளியே எங்காவது கொண்டுபோய்ப் போட்டிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். எறிகிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேனே.

நண்பன் ஒருவன் கூப்பிட்டதால் தம்பி வெளியூர் போயிருக்கிறான் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லாமயா?" என்றாள். "செருப்பு இங்கயே கிடக்குதே."

செருப்பை நான் மறந்துவிட்டேன். பெரிய வேலையில் இப்படிச் சின்னதாக ஒன்று எப்போதும் விட்டுப்போகும். ஷூ போட்டுக்கொண்டு போனான் என்றேன். அவள் செருப்பை எடுத்துச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள்.

அன்று மாலை நடந்தபோது எனக்கு உடம்பே லேசாக இருந்தது. பூங்காவைச் சுற்றி வழக்கத்தைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகப் போனேன். வழியில் ஒரு குழந்தையின் பந்தை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒருவனை ஆற்றில் தள்ளினேன்.

குதிரை வந்தது. நெற்றி வெள்ளை தண்ணீருக்கு மேலே தெரிய, நிதானமாக நீந்தி வந்தது.

முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. பரணைத் திரும்பிப் பார்த்தேன், நான் அப்படிப்பட்டவன் இல்லை, ஆனாலும் பார்த்தேன். மூட்டைகள் வைத்தபடியே இருந்தன. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு யோசித்தேன். மூன்று பேரில் ஒருவர் குதிரையைச் சேர்க்கிறார். நான் இல்லை. அவன் இப்போது இல்லை. கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் விடை. அக்கா தம்பி இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவுக்கு வந்தது.

மாடிக்குப் போய் அவளிடம் மெதுவாகத்தான் கேட்டேன்.

"தம்பி போனு எடுக்கலன்னு நான் இங்க தவிச்சிட்டிருக்கேன், நீங்க குதிரையக் கேக்கறீங்களே" என்றாள். "எனக்குப் படம் வரையத் தெரியும். உங்க புரோகிராம்ல எது தலை எது வால்னு எனக்கு என்ன தெரியும்?"

அவளை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. குதிரையை மறுபடி எடுத்துப் பரணில் போட்டுவிட்டு ஒருநாள் அவகாசம் கொடுத்தேன். மறுநாள் மாலை குதிரை வந்தது. ஆகவே நான் அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்கடுத்த நாள் காலை அவள் கீழே வந்து மூக்கைச் சுளித்தாள். "எலி ஏதோ செத்துக் கிடக்கு. பரண்லதான் இருக்கும். நான் ஏறிப் பாக்கறேன், ஏணியப் புடிங்க."

நான் பிடித்தேன். அவள் ஏறினாள். மூட்டைகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளும் ஓசை கேட்டது. பிறகு பாலித்தீன் சரசரத்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கயிற்றை இழுத்திருக்க வேண்டும். ஏணியின் மேல்படியில் அவள் பாதங்கள் என் கண்ணுக்கு நேராக இருந்தன. அவை அசையாமல் நின்றன.

"குதிரையச் சேர்த்தது நீதானே?" என்று கேட்டேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "தம்பி" என்றாள், தூங்குகிறவனை எழுப்புகிற குரலில், ஒரே ஒரு முறை. கேள்விக்குப் பதில் வராததால் நான் ஏணியை இழுத்தேன்.

மேசை விளிம்பில் அவள் முதுகு பட்டது. முறிகிற ஓசை கேட்டது. ஆனால் உயிர் போகவில்லை, கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறை இன்னும் திறக்கவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயையும் மூக்கையும் என் கையால் மூடினேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்த காயம் இருக்கிறது, நீங்கள் புகைப்படம் எடுத்திருக்கிறீர்கள். நான் கையை எடுக்கவில்லை. வெகு நேரம் ஆயிற்று. அவள் கால் விரல்கள் கடைசிவரை தரையைத் தேடிக்கொண்டிருந்தன. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவள் தூங்குவதை நான் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், அதுவும் அப்போது ஞாபகம் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது.

அவளையும் துணி சுற்றி மேலே வைத்தேன். இருவரும் அருகருகே இருக்கட்டும் என்று தோன்றியது. பகல் முழுதும் விளையாட்டை மெருகேற்றினேன். இனி சேர்ப்பதற்கு ஆளே இல்லை என்பதால் வேலை தடையில்லாமல் ஓடியது. மாலையில் நிரலை ஓட விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஷட்டரை இறக்கும்போது பட்டறைக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன சார், ரெண்டு நாளா ஒரே வாடை. உள்ள ஏதாவது செத்துக் கெடக்கா?"

"எலி. எடுத்துடறேன்" என்றேன்.

"வீட்ல அம்மாவைக் காணோமே?"

"தம்பியப் பாக்கப் போயிருக்கா."

அது பொய்யும் இல்லை. அவர் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்குச் சொன்னவர் அவராகத்தான் இருக்கும். நல்ல மனிதர், எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று யாரைத் தள்ளுவது என்று தோன்றவில்லை. பத்துப் பேரையும் ஏற்றினேன், பாரம் கூடி ஓடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடக்காரன் தண்ணீரில் விழுந்தான். என் முகம் தண்ணீருக்குள் போய் வந்தது. குதிரை வந்தது. திரை திணறவில்லை. அவன் அலையைக் குறைத்திருந்தான் அல்லவா, அதனால் வெகு அழகாக நீந்தி வந்தது. ஓடக்காரனை முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அப்போதுதான், அந்தத் தைக்கிற நிரலைத் திறந்து பார்த்தேன்.

துண்டுகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்கிற வரி அதில் ஒன்று இருக்கிறது. இருக்கிற எல்லா ஃபோல்டர்களிலும் தேடு, கிடைத்ததையெல்லாம் சேர் என்று இருந்தது. முதல் வருடம் எழுதியது. ஊரும் சந்தையும் மழையும் கல்யாணமும் எல்லாமே வேண்டும் என்றிருந்த காலம். எழுதும்போது அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஒண்ணையும் விட்டுடாதீங்க மாமா" என்றான். "விட மாட்டேன்டா" என்று நானும் சொன்னேன். அப்போது பரண் இல்லை. பின்னால் நான் பரணை உண்டாக்கினேன், என் நிரல் மாலைதோறும் பரணுக்குள்ளும் போய்ப் பார்த்தது, நான் போட்டதை எனக்கே எடுத்து வந்து கொடுத்தது. மழையையும் சந்தையையும் அப்படியே கொண்டுவந்திருக்கும், ஆனால் அவற்றை எழுதியதெல்லாம் ஊரை நம்பி, ஊர் இல்லாமல் அவை அசையாது. குதிரைக்கு ஆறு மட்டும் போதும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருட அனுபவம் இருந்தும் கற்றுக்குட்டி செய்கிற தவறு. அலுவலகத்தில் வேறு யாராவது செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஷட்டரைத் தூக்கியபோது நான் அழுதுகொண்டிருந்ததாக உங்கள் உதவியாளர் எழுதியிருக்கிறார், அது இதற்காகத்தான். அவர்களுக்காக என்று எழுதியிருந்தால் அதைத் திருத்திவிடுங்கள்.

ஆமாம், இருவரையும் நான்தான் கொன்றேன். அவன் கையை நசுக்கியதும் நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, புத்தியும் தெளிவாக இருந்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். உங்கள் ஆள் வயரைப் பிடுங்கிக் கணினியைத் தூக்கி வந்துவிட்டார், அந்த வரியைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அனுப்புவதற்குக் கடைசி நாள் நாளைதான். கணினியை இந்த மேசையில் வைத்தால் போதும், கையில் விலங்கு இருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு வரி. விளையாட்டு முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல்முதலாக ஒன்று முடிந்திருக்கிறது.

குழுவில் மூன்று பேர் இல்லாமல் எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். பதிவைத் திறந்து பாருங்கள். என் மச்சினன், என் மனைவி, நான், மூன்று பெயரும் எழுதியபடியே இருக்கின்றன. அவனே கெஞ்சியும் நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குழுவிலிருந்து நான் யாரையும் நீக்கவில்லை.